இருபது ஷில்லிங்: பக்கிங்ஹாம்ஷயரில் ஆறு நாட்கள்

ஜூன் 19, வெஸ்ட்மின்ஸ்டர்

செயின்ட் ஸ்டீபன் மண்டபத்தின் தரையில் சின்னச் சின்னப் பித்தளைக் குமிழ்கள் பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்க்காவிட்டால் கண்ணில் படாது. சபாநாயகரின் நாற்காலி ஒரு காலத்தில் இருந்த இடத்துக்கு அதுதான் அடையாளம். இங்கிலாந்தின் மக்களவை கிட்டத்தட்ட முந்நூறு வருடம் இங்கேதான் கூடியது. 1834-ல் தீப்பிடித்து எல்லாம் எரிந்துபோனது. அதே இடத்தில், அதே அளவில் எழுப்பியதுதான் இப்போதைய மண்டபம். 95 அடி நீளம், 30 அடி அகலம். நம் ஊர்க் கல்யாண மண்டபங்கள் பல இதைவிடப் பெரியவை.

1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் மன்னர் ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் இந்த அறைக்கு வந்தார். ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய வேண்டும். சபாநாயகர் வில்லியம் லெந்தாலிடம் நாற்காலியைச் சற்றுக் கடன் கேட்டு, அதன் அருகே நின்று, ஐவரும் எங்கே என்று கேட்டார். லெந்தால் மண்டியிட்டார். இந்த அவை கட்டளையிடுவதைத் தவிர வேறெதையும் பார்க்கத் தனக்குக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார். மன்னர் வரிசை வரிசையாக முகங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, தன் பறவைகளெல்லாம் பறந்துவிட்டன என்று சொல்லி வெறுங்கையோடு வெளியேறினார். முன்னமே தகவல் தெரிந்து ஐவரும் படகேறி லண்டன் நகருக்குள் போய்விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை எந்த மன்னரும் அவை நடக்கும்போது மக்களவைக்குள் கால் வைத்ததில்லை.

அந்த ஐவரில் ஒருவரைத் தேடித்தான் இந்தப் பயணம். ஜான் ஹாம்ப்டன். பக்கிங்ஹாம்ஷயர் நிலக்கிழார். இரண்டு, மூன்று வயதிலேயே தகப்பனை இழந்து, பெரிய சொத்துக்கு வாரிசானவர். தாய் எலிசபெத், பின்னாளில் நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லின் அத்தை. அதனால் கிராம்வெல்லுக்கு இவர் அத்தை மகன். 1621-ல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு வந்தார். அதிகம் பேசாதவர். பேசினால் விவாதம் பெரும்பாலும் அவர் பக்கம் திரும்பிவிடும் என்று எதிர்த்தரப்பில் இருந்த கிளாரண்டனே எழுதிவைத்திருக்கிறார்.

மண்டபத்தில் அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் பிறகு மூண்ட உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று மாண்ட ஃபாக்லண்ட் பிரபுவுக்கும் இங்கே சிலை உண்டு. 1909-ல் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்ணொருவர் அந்த ஃபாக்லண்ட் சிலையோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். அவரை விடுவிக்கும்போது சிலையின் காலணி முள் உடைந்தது. அதை ஒட்டவைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த உடைசலைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 20, எய்ல்ஸ்பரி

லண்டன் மரிலிபோன் ஸ்டேஷனிலிருந்து ரயில். வழியில் வெண்டோவர் ஸ்டேஷன் வந்தது. 1624-லிருந்து நான்கு நாடாளுமன்றங்களில் ஹாம்ப்டன் இந்தச் சின்ன ஊரின் உறுப்பினர். இறங்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டதோடு சரி.

எய்ல்ஸ்பரியில் சித்தி மகன் இருக்கிறான். எட்டு வருடமாக இதே ஊர். சந்தைச் சதுக்கத்தில் 1912-ல் வைத்த ஹாம்ப்டனின் வெண்கலச் சிலையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறான். “யாரோ சண்டைக்காரர்னு நினைச்சேன்க்கா” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. வாளும் பூட்ஸுமாக நிற்பவரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவர் வாளெடுத்தது வாழ்க்கையின் கடைசிப் பத்து மாதங்களில் மட்டும்தான்.

சாயங்காலம் அவன் காரில் பிரெஸ்ட்வுட் பக்கம் போனோம். ஆனர் எண்ட் லேன் என்ற ஒடுக்கமான சாலை, இரண்டு பக்கமும் வேலி. ஓரத்தில் ஒரு கற்சிலுவை. ஸ்டோக் மாண்டவில் ஊரைச் சேர்ந்த இந்த நிலங்களுக்காக ஜான் ஹாம்ப்டனுக்கு இருபது ஷில்லிங் கப்பல் பணம் விதிக்கப்பட்டது என்று அதில் பொறித்திருக்கிறார்கள். ஸ்டோக் மாண்டவில் இருப்பது மலையடிவாரத்தில், பல மைல் தள்ளி. மேட்டுக் காட்டில் இருக்கும் இந்தத் துண்டு நிலமும் அந்த ஊர்க் கணக்கில்தான் இருந்திருக்கிறது. ஊர் ஓரிடம், நிலம் ஓரிடம். கிராமத்துப் பட்டா பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

தம்பி கல்வெட்டை இரண்டு தடவை படித்தான். “இருபது ஷில்லிங்னா ஒரு பவுண்டு. ஒரு பவுண்டுக்காகவாக்கா இவ்வளவும்?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொல்ல வேண்டிய இடம் வேறு.

ஜூன் 21, கிரேட் கிம்பிள்

இந்த ஊருக்காகத்தான் இங்கிலாந்து வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

சில்டர்ன் குன்றுகளின் அடிவாரத்தில், சாலையை ஒட்டி ஒரு தேவாலயம். சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்கள். பிரதமரின் ஓய்வு மாளிகையான செக்கர்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. தலைக்கு மேலே சிவப்புப் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. உள்ளே பூச்சாடிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்ததுமே, “ஹாம்ப்டனுக்காக வந்தீர்களா?” என்று கேட்டார். தலையாட்டினோம். சுவரைக் காட்டினார்.

சட்டமிட்ட ஒரு நகல். கறுத்த எழுத்து, வளைந்து நெளிந்த பழைய ஆங்கிலக் கையெழுத்து. இந்த ஊரில் கப்பல் பணம் கட்ட மறுத்தவர்களின் பட்டியல். 1636 ஜனவரியில் மேலிடத்துக்கு அனுப்பியது. முதல் பெயர் ஜான் ஹாம்ப்டன். எதிரே தொகை: 31 ஷில்லிங் 6 பென்னி.

தம்பியின் கேள்விக்கு இங்கே நின்றுதான் பதில் சொன்னேன்.

1629-லிருந்து 1640 வரை பதினொரு வருடம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் புது வரி போட முடியாது. ஆனால் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஆபத்துக் காலத்தில் துறைமுக ஊர்கள் மன்னருக்குக் கப்பல் கொடுக்க வேண்டும், அல்லது கப்பலுக்கான பணம் கொடுக்க வேண்டும். 1634-ல் கடலோரத்தில் அதை வசூலித்தார்கள். அடுத்த வருடம் கடலே பார்க்காத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் நீட்டினார்கள். பக்கிங்ஹாம்ஷயர் மீது மட்டும் 4,500 பவுண்டு. நாடு முழுவதற்கும் வருடத்துக்குச் சுமார் 2 லட்சம் பவுண்டு. அதற்கடுத்த வருடமும் ஆணை வந்தது. அவசரம் என்று ஆரம்பித்தது வருடாந்திரம் ஆகிவிட்டது.

ஹாம்ப்டன் அன்றைய இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். இருபது ஷில்லிங்கும் முப்பது ஷில்லிங்கும் அவருக்குத் தூசு. கேள்வி தொகையைப் பற்றியது அல்ல. ஆபத்து வந்துவிட்டது என்று முடிவுசெய்வது யார்? மன்னர் ஒருவரே முடிவுசெய்யலாம் என்றால், எந்த வருடத்தையும் அவர் ஆபத்தான வருடம் என்று சொல்லிவிடலாம். அப்புறம் நாடாளுமன்றம் எதற்கு?

அரசு அவர் ஒருவர் மேல் மட்டும் வழக்கைத் தேர்ந்தெடுத்துப் போட்டது. கிம்பிள் கணக்கில் அல்ல, நேற்றுப் பார்த்தோமே, அந்த ஸ்டோக் மாண்டவில் நிலத்தின் இருபது ஷில்லிங்குக்கு. 1637 நவம்பர், டிசம்பரில் வாதம். நாட்டின் பன்னிரண்டு நீதிபதிகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஹாம்ப்டனின் வக்கீல் ஆலிவர் செயின்ட் ஜான் எடுத்துவைத்த ஒரு வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கப்பலைத் தயார்செய்ய மன்னரின் ஆணையே ஏழு மாத அவகாசம் கொடுக்கிறது. எதிரி வாசலில் நிற்கிறான் என்றால் ஏழு மாதம் ஏது? ஏழு மாதம் இருக்கிறது என்றால் அதற்குள் நாடாளுமன்றத்தைக் கூட்டியிருக்கலாமே?

1638-ல் தீர்ப்பு வந்தது. ஏழு பேர் மன்னர் பக்கம், ஐந்து பேர் ஹாம்ப்டன் பக்கம். தோற்றுவிட்டார். ஆனால் நீதிபதிகளை நியமிப்பதும் நீக்குவதும் மன்னர் கையில் இருந்த காலத்தில், பன்னிரண்டில் ஐந்து பேர் எதிராகச் சொன்னதை நாடு கவனித்தது. அந்த ஐவரில் ஒருவரான ஜார்ஜ் குரோக் கிழவர் தயங்கியிருக்கிறார். மனசாட்சிக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அதனால் என்ன கஷ்டம் வந்தாலும் உங்களோடு சேர்ந்து நானும் படுகிறேன் என்று அவருடைய மனைவி தைரியம் சொன்னாராம். அந்தக் காலத்தவரான வொயிட்லாக் பதிவு செய்திருக்கிறார். தீர்ப்புக்கு அடுத்த வருடமே வசூல் படுத்துவிட்டது. 1640-ல் கூடிய நாடாளுமன்றம் 1641-ல் கப்பல் பணம் சட்டவிரோதம் என்று சட்டமே போட்டது.

தம்பி கேட்டுக்கொண்டே பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். “இவருக்குக் கீழே இருக்கிறவங்க யாருக்கா?”

அதுதான் நான் பார்க்க வந்தது. கீழே இருப்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள். சில ஷில்லிங், சில பென்னி என்று விதிக்கப்பட்டவர்கள். அன்றைய விவசாயக் கூலியாளுக்கு இருபது ஷில்லிங் என்பது ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. அவர்களுக்கு மாளிகை இல்லை, பெரிய வக்கீல் இல்லை, லண்டனில் சிநேகிதர் இல்லை. வசூல் ஆள் வந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அவர்களும் மாட்டேன் என்றார்கள். இன்னொன்றும் உண்டு. பணத்தை வசூலித்து அனுப்ப வேண்டிய ஊர்க் காவலர்களும், யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டவர்களும், மறுத்தவர்களின் பட்டியலில் தங்கள் பெயர்களையே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

என் அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். சிட்டா, அடங்கல், கிஸ்தி வசூல் கணக்கு எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் எழுதப்படும். மேலே அனுப்பும் ஒரு தாளில் கையெழுத்துப் போடும் முன் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து யோசிப்பார். பத்துத் தடவை கூட்டிப் பார்ப்பார். அந்தக் கை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு கை, கட்டாதவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே தன் பெயரையும் சேர்த்து எழுதி மேலதிகாரிக்கு அனுப்பியது என்றால், அந்த ராத்திரி அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்?

ஹாம்ப்டனை நான் மதிப்பது அவர் பணம் கட்ட மறுத்ததற்காக மட்டும் அல்ல. தன் பெயரை முதலில் எழுதவைத்தாரே, அதற்காக. பெரிய மனுஷன் பெயர் மேலே இருந்தால் சின்ன மனுஷன் கீழே தைரியமாக எழுதலாம். அடி விழுந்தால் முதலில் மேலே விழும். அப்படித்தான் விழுந்தது.

பாட்டி கதவைப் பூட்ட வேண்டும் என்றார். நகலைக் கைபேசியில் படம் எடுத்தேன். கண்ணாடியில் என் நிழலும் விழுந்துவிட்டது.

ஜூன் 22, பிர்ட்டன், சால்குரோவ்

பிர்ட்டன் தேவாலயத்தில்தான் ஹாம்ப்டனின் கல்யாணம் நடந்தது. 1619 ஜூன் 24. மணப்பெண் எலிசபெத் சிமியன், இந்த ஊர் நிலக்கிழாரின் மகள். சுற்றிலும் ஆள் அரவமே இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினோம். அந்தத் தேதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சால்குரோவ் சில மைல் தூரத்தில். சாலைகள் சந்திக்கும் முனையில் ஒரு கல் தூண், அதில் ஹாம்ப்டனின் முகம். அவர் காயம்பட்டு இருநூறு வருடம் நிறைந்த 1843-ல் நட்டது. ஒரு பக்கம் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம். மறுபக்கம் வயல். காற்றில் கதிர்கள் ஒரே திசையில் சாய்ந்து நிமிர்ந்தன.

1642 ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது ஹாம்ப்டன் ஒரு காலாட்படையைத் திரட்டினார். பச்சை அங்கிப் படை. அடுத்த ஜூனில் மன்னரின் தலைநகரம் ஆக்ஸ்ஃபோர்டு. நாடாளுமன்றப் படைக்குச் சம்பளப் பணம் வண்டியில் வருகிறது, 21,000 பவுண்டு, என்று கட்சி மாறிய ஒரு கர்னல் அங்கே போய்ச் சொன்னார். மன்னரின் அக்கா மகன் இளவரசர் ரூபர்ட் இரவோடு இரவாகக் குதிரைப்படையோடு புறப்பட்டார். போஸ்ட்கோம், சின்னர் ஊர்களில் தூங்கிக்கொண்டிருந்த படையினரைத் தாக்கினார். பணவண்டி மட்டும் அகப்படவில்லை. சத்தம் கேட்டு வண்டிக்காரர்கள் காட்டுக்குள் ஒளித்துவிட்டார்கள்.

ஜூன் 18 காலை ரூபர்ட் திரும்பிப் போகும்போது நாடாளுமன்றக் குதிரைவீரர்கள் பின்தொடர்ந்தார்கள். ஹாம்ப்டனின் படை அங்கே இல்லை. அவர் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. இருந்தும் மற்றவர்களின் குதிரைப் படையோடு தானாக முன்வந்து சேர்ந்துகொண்டார். இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு வேலி. ரூபர்ட் குதிரையோடு அதைத் தாண்டிக் குதித்துத் தாக்கினார். சண்டை சீக்கிரமே முடிந்துவிட்டது.

சண்டை முடிவதற்கு முன்பே ஹாம்ப்டன் களத்தைவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறார்கள். அவர் அப்படிப் போகிற ஆள் இல்லை. தலை தொங்கி, கைகள் குதிரையின் கழுத்தில் ஊன்றியிருந்தன. தோளில் காயம். மாமனார் ஊரான பிர்ட்டன் பக்கம் முதலில் திரும்பினார் என்றும், ரூபர்ட்டின் ஆட்கள் குறுக்கே இருந்ததால் தேம் ஊரை நோக்கிப் போனார் என்றும் இந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. காலையில் அந்தத் தேவாலயத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த எனக்கு அதை நம்பத்தான் ஆசை.

எதிரி சுட்ட குண்டா, சொந்தக் கைத்துப்பாக்கி வெடித்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1828-ல் நியூஜென்ட் பிரபு என்பவர் இதைத் தெரிந்துகொள்ளவே கிரேட் ஹாம்ப்டன் தேவாலயத்தில் கல்லறையைத் தோண்டி ஒரு உடலை எடுத்துப் பார்த்தார். பிறகு அது வேறு யாருடைய உடலோ என்று அவரே பின்வாங்கினார். இன்று பார்த்தோமே கல் தூண், அதை நட்டவரும் அவர்தான். தூணுக்காக அவருக்கு நன்றி. தோண்டியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஜூன் 23, தேம்

தம்பிக்கு வேலை. பஸ்ஸில் போனேன். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு முக்கால் மணி நேரம் மழையில் நின்றதில் பாதிக் காலை போய்விட்டது.

தேம் அகலமான கடைத்தெரு கொண்ட ஊர். ஹாம்ப்டன் சிறுவனாகப் படித்த இலக்கணப் பள்ளியும் இங்கேதான் இருந்தது. பள்ளிக்கு நடந்த அதே ஊருக்குக் காயத்தோடு குதிரையில் வந்து சேர்ந்திருக்கிறார். எசிக்கியல் பிரவுன் என்பவரின் வீட்டில் ஆறு நாள் கிடந்தார். தெருவில் அந்த வீட்டுச் சுவரில் ஒரு பலகை. ஜனங்கள் சாமான் பைகளோடு கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன்.

கடைசி நாட்களிலும் படை நடத்துவது பற்றி லண்டனுக்கும் தளபதிகளுக்கும் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். 1643 ஜூன் 24 அன்று உயிர் பிரிந்தது. பிர்ட்டனில் கல்யாணமாகிச் சரியாக இருபத்துநான்கு வருடம்.

ஜூன் 24, கிரேட் ஹாம்ப்டன்

பீச் மரக்காட்டுக்கு நடுவே ஏற்றமான சாலை. தேமிலிருந்து அவர் உடலை இந்த வழியாகத்தான் கொண்டுவந்திருப்பார்கள். வீரர்கள் ஆயுதங்களைத் தலைகீழாகப் பிடித்து, தொண்ணூறாம் சங்கீதத்தைப் பாடியபடி வந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நீரே அடைக்கலம் என்று தொடங்கும் சங்கீதம் அது.

ஹாம்ப்டன் மாளிகை இப்போது தனியார் கையில். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டோம். அதை ஒட்டியே செயின்ட் மேரி மக்தலேன் தேவாலயம். கதவு திறந்திருந்தது.

உள்ளே அவருக்கு ஒரு பெரிய பளிங்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மரக்கிளைகள் போல வம்சாவளிக் கேடயங்கள் தொங்க, நடுவில் சால்குரோவ் சண்டை செதுக்கியிருக்கிறது. வாரிசுகள் நூறு வருடம் கழித்து வைத்தது. அழகுதான். ஆனால் அவர் உடல் தரைக்குக் கீழே சரியாக எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு கல்லும் இல்லை.

அவர் குரல் கேட்பது வேறொரு கல்லில். 1634 ஆகஸ்ட் 20-ல் இறந்த எலிசபெத்துக்கு அவரே எழுதிவைத்த கல்வெட்டு. கப்பல் பணம் உள்நாட்டுக்கு வருவதற்கு முந்தைய வருடம். ஒன்பது பிள்ளைகளின் தாய் என்கிறது. அக்கம்பக்கத்தாருக்கு ஊன்றுகோல், பெற்றோருக்கு ஆனந்தம், கணவனுக்கோ ஆசீர்வாதங்களின் கிரீடம். முடியும் இடத்தில், துயருற்ற கணவன் ஜான் ஹாம்ப்டன் தன் அன்புக்கு என்றென்றைக்குமான சாட்சியாக இதை அர்ப்பணிக்கிறேன் என்கிறார். நாடாளுமன்றத்தில் அளந்து அளந்து பேசிய மனிதர் இந்த ஒரு கல்லில் மனசை முழுக்கக் கொட்டியிருக்கிறார். 1640-ல் மறுமணம் செய்துகொண்டார். புதைக்கப்பட்டது இந்தத் தேவாலயத்தில்தான்.

தம்பிக்காகத் தமிழில் வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். “ஆசீர்வாதங்களின் கிரீடம்” என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. அவன் மீதியைத் தானே படித்தான். பிறகு, “இன்னைக்குத்தானேக்கா அந்தத் தேதி?” என்றான்.

ஆமாம், இன்றைக்குத்தான்.

வெளியே வந்தபோது ஒரு சிவப்புப் பருந்து தாழப் பறந்து காட்டுக்குள் போனது. எனக்கு நாளைக் காலை மரிலிபோனுக்கு ரயில். தம்பி வேலைக்குப் போகும் வழியில் சந்தைச் சதுக்கத்தில் சற்று நிற்பதாகச் சொல்லியிருக்கிறான்.